இறக்கும்போது

ஜூலை 11, வியாழன்

வீரமலை மாமா இன்று செத்துப்போனார்.

மூன்றாவது பீரியடில் கம்பெனி வெடி கேட்டது. தினமும் கேட்பதுதான், எங்கள் பள்ளியில் யாரும் அதற்குத் தலையைத் திருப்புவதில்லை. கெமிஸ்ட்ரி மிஸ் மட்டும் போர்டிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு, சன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கும்வரை நிற்பார். இன்று ஒரு சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொரு சத்தம் வந்தது.

"என்னடி ரூபி, ரெட்டையா வெடிக்கிறாங்க? உங்கப்பாவுக்குக் கை நடுங்குதா?" என்று சங்கவி என் விலாவில் இடித்தாள். நான் சிரித்தேன்.

அடுத்த பீரியடில் ஹெச்.எம். வந்து சங்கவியை மட்டும் கூப்பிட்டார். அவள் பையைக்கூட எடுக்காமல் போனாள்.

மாமா அவளுடைய அப்பா. எங்களுக்குச் சொந்தம் இல்லை, அப்பாவுக்கு ஹெல்பர். நான் ஆறாவது படிக்கும்போதிலிருந்து இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் வேலைக்குப் போகிறார்கள். ஊருக்கு வெளியே, கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குவாரிப் பள்ளத்துக்குள் கம்பெனி இருக்கிறது. தடிமனான இரும்புத் தகட்டுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு ஸ்டெயின்லெஸ் தகட்டை வைப்பார்கள். அதன்மேல் வெடிமருந்தைப் பரப்பி வெடிப்பார்கள். மேல்தகடு கீழ்த்தகட்டில் மோதி, இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அப்பாதான் வெடி வைக்கிற பிளாஸ்டர். மருந்து அளப்பதும் திரி இழுப்பதும் பொத்தானை அமுக்குவதும் அவர் பொறுப்பு. லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது.

சாயங்காலம் அப்பா வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்தார். அது அவருக்குத் தோளில் பிடித்தது.

ஃபிசிக்ஸ் ரெக்கார்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் படம் வரைகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 12, வெள்ளி

அம்மா மட்டும் சாவு வீட்டுக்குப் போனாள். அப்பா வர வேண்டாம் என்று மேனேஜர் போனில் சொல்லிவிட்டார்.

அம்மா குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டாமலே உட்கார்ந்திருந்தாள். "மேல ஒரு கீறல் இல்ல பாப்பா. நெஞ்சுல ஒரே எடம். அங்கதான் துணி போட்டு மூடியிருந்தாங்க. மாரிக்கண்ணு அந்தத் துணியத் தூக்கித் தூக்கிப் பாக்குறா. யாராலயும் புடிக்க முடியல."

மாரிக்கண்ணு என்பது சங்கவியின் அம்மா.

மதியம் ஸ்டேஷனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டுப் போனார்கள். ரேஷனில் பச்சரிசி போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னார். நான் போய் வரிசையில் நின்று வாங்கி வந்தேன். வரிசையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

சர்ச் பூசைக்குப் போகவில்லை. அப்பா நேற்று வந்துவிட்டார். ஸ்டேஷனில் எவ்வளவோ கேட்டும் ஒரு வார்த்தை மாற்றாமல் நின்றாராம். 'சைரன் போட்டோம், எல்லாரும் பங்கருக்குப் போயாச்சுன்னு நெனச்சேன்', அவ்வளவுதான். பங்கர் என்பது வெடிக்கும்போது போய்ப் பதுங்குகிற கான்கிரீட் அறை. அப்பாவை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்று காலையில் நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். குழாய் திறந்திருந்ததால் எனக்குக் கேட்காது என்று அப்பாவும் அம்மாவும் நினைத்திருப்பார்கள்.

"பங்கருக்குப் போனா போக வர நேரமாகுதுன்னு, மொத்தமான தகடு ஒண்ண நட்டு வச்சு அது பின்னாடிதான் எல்லாரும் நிப்போம். எப்பயும் அப்புடித்தான். அன்னிக்கு லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே நின்னான். 'அங்கயே நில்லு வீரமல'ன்னு நான்தான் சொன்னேன்."

"சரி, தகடுதான் இருந்துச்சுல்ல?" இது அம்மா.

"மீந்த மருந்து வாளிய அந்தத் தகட்டுல சாச்சு வச்சிருந்தேன், வெடி பக்கமா. அத ரூம்ல கொண்டுபோய்ப் பூட்டியிருக்கணும். திரி வாளி மேலயே கெடந்திருக்கு, அதுவும் சேந்து வெடிச்சிருச்சு. நான் பாக்கல. நான் பாக்கல மேரி."

நான் குழாயை இன்னும் திருகிவிட்டேன்.

"தகட்டுல ஓட்டையே விழலடி. முன்னால லேசா சப்பியிருக்கு, அவ்வளவுதான். பின்னால போய்ப் பாத்தா அப்பளம் கணக்கா ஒரு துண்டு பேந்து போயிருக்கு. எப்புடி? ஒண்ணுமே உள்ள பூராம எப்புடி பின்னால பேக்கும்?"

பிறகு அப்பா பின்கட்டுக்கு வந்தார். என் கையிலிருந்த சட்டையைப் பார்த்தார். அன்று போட்டுவந்த வேறு யாருடைய சட்டையோதான் அது. "கேட்டியா?" என்றார். இல்லை என்றேன். "வெளிய எவகிட்டயாவது வாயத் தொறந்த..." என்றவர் முடிக்கவில்லை. துவைக்கிற கல்லின் மேலிருந்த சொம்பை எடுத்துச் சுவரில் அடித்தார். அப்பா அடிக்கிறவர் இல்லை. இதுவரை இல்லை.

சொம்பு ஒருபக்கம் நசுங்கிவிட்டது. அம்மா அதில்தான் மோர் கலக்கினாள்.

ஜூலை 17, புதன்

சங்கவி வரவில்லை. அவள் இடத்தில் பையை வைத்துக்கொண்டேன், வேறு யாரும் உட்காராமல் இருக்க.

ஜூலை 21, ஞாயிறு

மேனேஜர் விக்னேஸ்வரன் சார் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். அப்பா நாற்காலியில் உட்காரவில்லை, கதவுப் பக்கமே நின்றார்.

"பாப்பா ஸ்கூல் ஃபர்ஸ்டாமே? இங்கிலீஷ் மீடியமாமே?" என்றார் சார். "நம்ம ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் ஒழுங்காத் தமிழ் எழுத வராதும்மா. ஒரு பக்கம்தான். நீ இங்கிலீஷ்லயிருந்து எழுதிக் குடுத்தீன்னா டைப் அடிச்சுடுவாங்க."

மாமாவின் முன்னால் நின்ற தகட்டை ஒரு காலேஜ் லேபுக்கு அனுப்பி எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதில் இரண்டாவது பக்கம் மட்டும் என்னிடம் தந்தார். முதல் பக்கம் எங்கே என்று கேட்டேன். "அது கம்பெனி சமாச்சாரம்மா."

படித்தேன். கடினமான இங்கிலீஷ்தான், ஆனால் அம்புக்குறி போட்டு ஒரு படம் இருந்தது. எங்கள் புத்தகத்தில் அலைகள் பாடத்தில் வருவதுபோல. முன்பக்கம் விழுகிற அடி, அலையாக இரும்புக்குள் போகிறது. போகும்போது அமுக்கிக்கொண்டே போகிறது. அதற்கு லோடிங் என்று பெயர். அந்த அமுக்கத்தைத் தகடு தாங்கிவிட்டது. ஆனால் பின்பக்கம் போய்ச் சேர்ந்ததும் அதற்கப்பால் வெறும் காற்றுதான், அமுக்க ஒன்றும் இல்லை. அதனால் அலை திரும்புகிறது. திரும்பும்போது இழுக்கிறது. அமுக்கம் விலகுகிற அந்த நேரம்தான் அன்லோடிங். அப்போதுதான் இரும்பு உள்ளேயே கிழிந்து, பின்பக்கத் துண்டு மட்டும் தெறிக்கிறது.

அப்பாவின் கேள்விக்கு அந்தப் பக்கத்தில் பதில் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மார்க் வாங்கியபோது வருகிற சிலிர்ப்பு. அந்த நேரத்தில் மாமா நினைவுக்கு வரவே இல்லை.

அப்படியே எழுதினேன். 'அதிர்வலை ஏற்படுத்திய அழுத்தத்தைத் தகடு தாங்கியுள்ளது. அழுத்தம் விலகும்போது பிளந்துள்ளது.' சார் வாய்விட்டுப் படித்தார்.

"பிரமாதம். ஆனா லேபர் ஆபீஸ்ல இதெல்லாம் யாருக்கும்மா புரியும்? அலை, கிலை எல்லாம் எடுத்துடு. சாதாரணத் தமிழ்ல போடு. லோடிங்னா என்ன?"

"ஏற்றுவது சார்."

"அன்லோடிங்?"

"இறக்குவது. ஆனா சார், இது..."

"வார்த்தை சரிதானே? டிக்‌ஷனரியில அப்புடித்தானே இருக்கும்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "சார் சொல்ற மாதிரி எழுது பாப்பா" என்றார்.

எழுதினேன். 'தகட்டை ஏற்றும்போது பாதிப்பு இல்லை. இறக்கும்போது பிளந்து தெறித்துள்ளது.' அதற்குக் கீழே சார் தானே ஒரு வரி சொன்னார், அதையும் எழுதினேன். 'அவ்வாறு லாரியிலிருந்து இறக்கும்போது சுமைக்கூலி வீரமலை இறந்தார்.'

இறக்கும்போது இறந்தார். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் படிக்க அசிங்கமாக இருக்கிறது, மாற்றட்டுமா என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் சார்.

ஜூலை 22, திங்கள்

லைப்ரரியில் அகராதியைப் பார்த்தேன். அன்லோட்: சுமை இறக்கு. சரியாகத்தான் இருக்கிறது. நான் தப்பாக எதுவும் எழுதவில்லை.

மாமா லாரிக் காண்ட்ராக்டரின் கூலி ஆள் என்று ஆகிவிட்டால், கம்பெனி பணம் தர வேண்டியதில்லையாம். வெடிமருந்து ஆபீஸர்களும் வரமாட்டார்களாம். அப்பா ஸ்டேஷனில் சொன்னதையும் சார் பேசி மாற்றிவிடுவாராம். அப்பாவின் லைசென்ஸும் பத்திரம். அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, "நீ இதையெல்லாம் யோசிக்காத, கணக்கப் போடு" என்றாள்.

ஜூலை 30, செவ்வாய்

சார் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கேட்டது. "முடிஞ்சுது அடைக்கலராஜ். உங்க பேரு எங்கயுமே வராது. இனி நிம்மதியாத் தூங்குங்க."

அப்பா கீரனூர் போய் மட்டன் பிரியாணி வாங்கி வந்தார். சிரித்தார். என் இலையில் தன் கறித்துண்டுகளை எடுத்து வைத்தார். "சாப்புடு, சாப்புடு, எலும்பா இருக்க" என்றார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். திடீரென்று எழுந்து வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார். எடுத்துவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால் திரும்பவில்லை. கை இரண்டும் மடியில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தன. அம்மா ஒன்றை இறுக்கிப் பிடித்தாள், மற்றது ஆடியது.

ஸ்டேஷனில் கேட்டபோதெல்லாம் அசையாமல் நின்றவர்.

பிரியாணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது, கேள்வி வரும் என்று அம்மா சொன்னாள். குழி தோண்டிப் புதைத்தோம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சங்கவி வந்தாள். தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள். முகம் சின்னதாகிவிட்டது. யாருடனும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"நீ ஒருத்திதான்டி பொய் சொல்ல மாட்ட" என்று ஒரு பேப்பரை நீட்டினாள். அதே இங்கிலீஷ் பக்கம்தான். லேபர் ஆபீஸில் ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறார்கள். "லாரியில இருந்து எறக்கும்போது விழுந்துச்சுங்கிறாங்க. எங்கம்மா நம்ப மாட்டேங்குது. தகடு விழுந்தா காலு நசுங்கும், தல நசுங்கும், நெஞ்சுல மட்டும் எப்புடி படும்ங்குது. நீ படிச்சுச் சொல்லு. நீ சொன்னா எங்கம்மா நம்பும்."

"அன்லோடிங்னா இறக்குறதுதான்" என்றேன்.

"அது எனக்கே தெரியும்டி. இது என்ன, வேவ்னு போட்டுருக்கே? லாரில ஏது வேவ்?"

தொட்டியடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கையைக் கோத்து வரிசையாக நின்று தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒருத்தி இடித்தால் இடி ஒவ்வொருத்தியாகக் கடந்து வரும். நடுவில் நிற்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கடைசியில், முன்னால் யாரும் இல்லாமல் நிற்கிறவள் மட்டும் கை பிய்ந்து போய் விழுவாள். அதைக் காட்டி ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சங்கவி உடனே புரிந்துகொள்வாள், ஃபிசிக்ஸில் என்னைவிட அவள்தான் மேல்.

"வேவ்னா ஆட்டம். லாரி ஆடியிருக்கும், அதைச் சொல்றாங்க" என்றேன்.

அவள் பேப்பரை மடித்தாள். "சரிடி. நீ சொன்னா சரி."

ஆகஸ்ட் 9, வெள்ளி

கம்பெனியிடம் எதுவும் கேட்கமாட்டேன் என்ற தாளில் மாரிக்கண்ணு அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டார். லாரி முதலாளி ஏதோ கொஞ்சம் கொடுத்தாராம். சங்கவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னாலதான்டி அம்மா சமாதானமாச்சு. ராத்திரி பூரா பொலம்பிக்கிட்டே இருக்கும், இப்பத்தான் தூங்குது" என்றாள்.

காலாண்டுக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரமாட்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள். ஹாஸ்டல் உண்டாம். "உனக்கு அளவு சொல்லு, நல்ல நைட்டியா அனுப்புறேன்" என்றாள். அவளாகவே சிரித்தாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கம்பெனியில் மறுபடி வெடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சன்னல் அடங்கும்வரை சங்கவி பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

சொல்லிவிட்டேன்.

திட்டமிட்டுச் சொல்லவில்லை. லேபில் இரண்டு பேரும் கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தோம். அவள் டி.சி. வாங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வேறு எல்லாம் வந்துவிட்டது. வாளி, திரி, 'அங்கயே நில்லு வீரமல', அலை, அந்தத் தமிழ் யார் எழுதியது என்பது வரை. சொல்லி முடித்ததும் எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது என்று எழுதவே பயமாக இருக்கிறது. அழுதேன். மூச்சு நன்றாக வந்தது. அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

சங்கவி குடுவையைத் துடைத்து ஸ்டாண்டில் மாட்டினாள்.

"எங்கப்பாவ உங்கப்பாதான் அங்க நிக்கச் சொன்னாரா?"

"ஆமா."

"இத வந்து லேபர் ஆபீஸ்ல சொல்லுவியா?"

நான் அடுத்த குடுவையை எடுத்துக் கழுவினேன்.

"சொல்லுடி. வருவியா, மாட்டியா?"

"அப்பாவை அரெஸ்ட் பண்ணிடுவாங்க சங்கவி."

"அப்ப எதுக்குடி எங்கிட்ட சொன்ன?" அவள் சத்தம் போடவில்லை. "உனக்கு நெஞ்சு பாரமா இருந்துச்சு. எந்தலையில எறக்கி வச்சிட்ட. நீ போயி தூங்கு. எங்கம்மாகிட்ட நான் இப்ப என்னன்னு சொல்லட்டும்? நீ கையெழுத்துப் போட்டது பொய்க்குன்னா? அது இப்பத்தான்டி தூங்க ஆரம்பிச்சிருக்கு."

"சாரி" என்றேன்.

"நல்லாப் படிக்கிற புள்ளைங்க எல்லாம் இப்புடித்தான் போல" என்றாள். பெல் அடித்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அவள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எப்படியோ எல்லோருக்கும் தெரிகிறது, என்னவென்று தெரியாமலேயே.

ஆகஸ்ட் 21, புதன்

வீட்டுக்குப் போகும்போது சங்கவியை நிறுத்தி, வருகிறேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. "நாளைக்குக் காலைல ஒன்பது மணி பஸ்ல நானும் அம்மாவும் போறோம். வந்தா வா" என்று நடந்துகொண்டே சொன்னாள்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். சங்கவியிடம் சொன்னதையும், நாளைக்குப் போகப்போவதையும். தட்டு பறக்கும் என்று சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்துதான் சொன்னேன்.

அம்மா வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள். அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "அந்தப் பேப்பர்ல எழுதியிருந்துச்சே பாப்பா. ஓட்ட விழாம பின்னால மட்டும் எப்புடி பேந்துச்சுன்னு போட்டுருந்தானா?" என்று கேட்டார்.

சொன்னேன். அமுக்கம் போவது, திரும்புவது, இழுப்பது எல்லாம். கவனமாகக் கேட்டார்.

"அப்ப தகடு இல்லாம இருந்தா?"

"வாளியை எடுத்து உள்ள வச்சிருந்தா போதும்ப்பா."

போகாதே என்று சொல்வார் என்று காத்திருந்தேன். போ என்று சொல்வார் என்றும் காத்திருந்தேன். கையைக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டார். அவர் தூங்கவில்லை. இங்கிருந்தே தெரிகிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் அப்பா குளித்து, கம்பெனி யூனிஃபார்ம் போட்டு வண்டியை எடுத்தார். "ஏறு" என்றார். பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். சங்கவியும் அத்தையும் அங்கே நின்றார்கள். அப்பா அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "சாயங்காலம் மழ வரும். குடை எடுத்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். சங்கவி உட்காரவில்லை, புதுக்கோட்டை வரை நின்றுகொண்டே வந்தாள்.

ஆபீஸர் ஒரு அம்மா. கையெழுத்துப் போட்ட பிறகு வந்தால் கஷ்டம் என்றுதான் முதலில் சொன்னார். நான் பேசப் பேச நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஃபைலை எடுத்துவரச் சொல்லி, அந்தத் தமிழ் வரிகளைப் படித்தார்.

"இதை நீயா எழுதுன? எழுதும்போதே இது தப்புன்னு தெரியுமாம்மா?"

"தெரியும் மேடம்."

சங்கவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

ஆபீஸர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேலே தேதி போட்டார். "அந்த மருந்து வாளியை அங்க வச்சது யாரு? பேர் சொல்லு."

எங்கப்பா என்றேன்.

"அப்பா பேரும்மா."

அத்தை தன் கையை என் முழங்கையின் மேல் வைத்தார். எதற்கென்று தெரியவில்லை, சொல் என்றா, வேண்டாம் என்றா. நான் பேரைச் சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும், அவர் எழுதுவதற்குத் தோதாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

மழை வரவில்லை. அப்பாவும் இன்னும் வரவில்லை. அம்மா எனக்குச் சோறு போட்டாள். கொஞ்ச நேரம் முன்பு எழுந்துபோய், வாசல் கதவில் உள்ளே போட்டிருந்த தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொண்டாள்.